கோல் சாதனை போய்விட்டது. க்ரெட்ஸ்கி இன்னும் முதலிடத்தில் இருப்பது எப்படி?

2025 ஏப்ரல் 6ஆம் தேதி, நியூயார்க்கின் லாங் ஐலண்டில் நடந்த ஆட்டத்தில் வாஷிங்டன் கேப்பிட்டல்ஸ் அணியின் அலெக்சாண்டர் ஓவெச்கின் தன் 895ஆவது கோலை அடித்தார். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில், அதாவது என்.எச்.எல்.லில், அதுவரை அதிகக் கோல் அடித்திருந்தவர் வெய்ன் க்ரெட்ஸ்கி. அவர் கணக்கு 894. 1994இலிருந்து அவரிடம் இருந்த சாதனை அன்று கைமாறியது. க்ரெட்ஸ்கியும் அரங்கில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்.

செய்தியைப் படித்த பலருக்குக் குழப்பம் அடுத்த பத்தியில்தான் வந்தது. தலைப்பில் சாதனை முறியடிப்பு என்று இருக்கிறது. உள்ளே போனால், லீக் வரலாற்றில் முதலிடம் இன்னும் க்ரெட்ஸ்கிக்கே, அதை நெருங்கக்கூட ஆளில்லை என்று இருக்கிறது. 1999இல் ஓய்வு பெற்ற ஒருவர், தன் கோல் சாதனையை இழந்த பிறகும் முதலிடத்தில் இருப்பது எப்படி? ஐஸ் ஹாக்கியில் கணக்கு எழுதும் முறை தெரிந்தால்தான் இது புரியும். அதிலிருந்தே தொடங்கலாம்.

## கோல், அசிஸ்ட், புள்ளி

பனித்தளத்தில் ஓர் அணிக்குக் கோல்கீப்பரையும் சேர்த்து ஆறு பேர். தலா 20 நிமிடம் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடக்கும். பந்துக்குப் பதில் 'பக்' எனப்படும் கெட்டியான கறுப்பு ரப்பர் வில்லை. இதுவரை சிக்கல் ஒன்றுமில்லை. வீரர்களின் பெயரில் கணக்கு எழுதும்போதுதான் வித்தியாசம் தொடங்குகிறது:

1. பக்கை வலைக்குள் தள்ளியவருக்கு ஒரு கோல்.
2. அதற்கு முன், எதிரணியின் வசம் போகாமல் பக்கைத் தொட்டுக் கொடுத்த கடைசி இரண்டு சகவீரர்களுக்குத் தலா ஒரு அசிஸ்ட்.
3. கோலுக்கும் ஒரு புள்ளி, அசிஸ்டுக்கும் ஒரு புள்ளி. இரண்டையும் கூட்டினால் வருவதே வீரரின் மொத்தப் புள்ளிகள்.

மூன்றாவதை இன்னொரு முறை படியுங்கள். கால்பந்தில் கோல் அடித்தவர் பெயர்தான் பெரிதாக வரும், கொடுத்தவர் பெயர் ஓரத்தில் இருக்கும். ஐஸ் ஹாக்கியின் கணக்குப் புத்தகத்தில் இருவரும் சமம். ஒரே கோலில் மூன்று பேர் வரை தலா ஒரு புள்ளி எடுக்கலாம். இரண்டாவது அசிஸ்டுக்கும் முழுப் புள்ளி தருவது கொஞ்சம் தாராளம்தான் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அந்தத் தாராளம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

இப்போது க்ரெட்ஸ்கியின் கணக்கு: 894 கோல், 1,963 அசிஸ்ட், மொத்தம் 2,857 புள்ளிகள். இரண்டாம் இடத்தில் செக் நாட்டு வீரர் யாரோமிர் யாகர், 1,921 புள்ளிகள். க்ரெட்ஸ்கி தன் வாழ்நாளில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், வெறும் அசிஸ்ட்களை வைத்தே அவர்தான் முதலிடம். ஹாக்கி ரசிகர்கள் இதைச் சலிக்கச் சலிக்கச் சொல்வார்கள். சொல்லட்டும், இந்த ஒரு வரியில் பாதி விஷயம் இருக்கிறது.

விந்தையான ஒன்று: ஓவெச்கின் 895ஆவது கோலை அடித்தது தன் 1,487ஆவது ஆட்டத்தில். க்ரெட்ஸ்கி என்.எச்.எல்.லில் ஆடிய ஆட்டங்களின் மொத்த எண்ணிக்கையும் சரியாக 1,487. ஒரே எண்ணிக்கை ஆட்டங்கள், ஏறத்தாழ ஒரே எண்ணிக்கைக் கோல்கள். ஆனால் அந்த நாளில் ஓவெச்கினின் அசிஸ்ட்கள் எண்ணூறைத் தொட்டிருக்கவில்லை. க்ரெட்ஸ்கிக்குக் கோல் என்பது பக்கத்து வேலை. முதல் வேலை, கொடுப்பது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சாதனைப் பட்டியலில் வருவது வழக்கமான சீசன் ஆட்டங்கள் மட்டும். அதற்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களுக்குத் தனிக் கணக்கு. அங்கே க்ரெட்ஸ்கிக்கு 122 கோல். இரண்டையும் கூட்டினால் 1,016. ஓவெச்கின் அன்று அந்த எண்ணைத் தாண்டவில்லை.

## பதினேழு வயதில் தொழில்முறை ஆட்டக்காரர்

க்ரெட்ஸ்கி பிறந்தது 1961 ஜனவரி 26, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள பிரான்ட்ஃபோர்டில். அப்பா வால்டர், வீட்டுப் பின்புறத்தில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து மகனுக்குப் பனித்தளம் அமைத்துக் கொடுத்தவர். பத்து வயதில் உள்ளூர் சிறுவர் அணிக்காக ஒரே சீசனில் 378 கோல் அடித்தபோதே நாளிதழ்கள் தேடி வந்துவிட்டன. அவர் சட்டையில் எண் 99 வந்த கதை சின்னது. அவருடைய ஆதர்சமான முந்தைய தலைமுறை நட்சத்திரம் கோர்டி ஹோவின் எண் 9. ஜூனியர் அணியில் அந்த எண் வேறொருவரிடம் இருந்ததால் இரண்டு ஒன்பதாகப் போட்டுக்கொண்டார்.

அவர் தொழில்முறை ஆட்டத்துக்குள் நுழைந்த வழிதான் விளக்க வேண்டியது. அந்நாளில் இளைஞர்களைச் சேர்க்க என்.எச்.எல்.லில் வயது வரம்பு இருந்தது. பதினேழு வயதுப் பையனுக்கு இடமில்லை. ஆனால் 1972இல் தொடங்கிய உலக ஹாக்கி சங்கம் என்ற போட்டி லீக் அந்த வரம்பைப் பொருட்படுத்தவில்லை. 1978இல் அதன் இண்டியானாபொலிஸ் ரேசர்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. எட்டே ஆட்டம். அப்புறம் பணமில்லாமல், அதே லீகில் ஆடிய கனடாவின் எட்மன்டன் ஆயிலர்ஸ் உரிமையாளர் பீட்டர் பாக்லிங்டனிடம் விற்றுவிட்டது. பதினெட்டாவது பிறந்தநாளில், பனித்தளத்தின் நடுவில் மேசை போட்டு, 21 ஆண்டுகளுக்கான ஒப்பந்தத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கினார் பாக்லிங்டன்.

1979இல் போட்டி லீக் மூடப்பட்டு, அதன் நான்கு அணிகள் என்.எச்.எல்.லுக்குள் வந்தன. எட்மன்டன் அவற்றில் ஒன்று. இதனால் க்ரெட்ஸ்கிக்கு நேர்ந்தவை:

1. போட்டி லீகில் அவர் அடித்த 46 கோல்கள் என்.எச்.எல். கணக்கில் சேரவில்லை. சேர்ந்திருந்தால் ஓவெச்கின் இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.
2. ஏற்கெனவே தொழில்முறையில் ஆடியவர் என்பதால் சிறந்த புதுமுகம் விருதுக்குத் தகுதி இல்லை. அதே சீசனில் லீகின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பை கிடைத்தது என்பது வேறு விஷயம்.

அந்த 1979-80 சீசனில் இன்னொன்றும் நடந்தது. க்ரெட்ஸ்கியும் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸின் மார்செல் டியோனும் 137 புள்ளிகளுடன் சமநிலையில் முடித்தார்கள். அதிகப் புள்ளிக்கான ஆர்ட் ராஸ் கோப்பை டியோனுக்குப் போனது. காரணம், அவர் 53 கோல், க்ரெட்ஸ்கி 51. அதாவது கோலும் அசிஸ்டும் சமம் என்று சொல்லும் லீக், சமநிலை வந்தால் மட்டும் கோல் பக்கம் சாய்கிறது. அடுத்த ஏழு சீசனும் க்ரெட்ஸ்கி அந்தப் பேச்சுக்கே இடம் வைக்கவில்லை. ஏழு முறையும் ஆர்ட் ராஸ் அவருக்குத்தான்.

## வலைக்குப் பின்னால் ஓர் அலுவலகம்

பலசாலி இல்லை. அதிவேகமாகச் சறுக்குபவரும் இல்லை. அடியில் பயமுறுத்தும் வேகமும் இல்லை. அப்படியானால் எப்படி?

ஐஸ் ஹாக்கியில் கோல்வலை தளத்தின் விளிம்பில் இல்லை. கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. வலைக்கும் பின்சுவருக்கும் நடுவே ஆடக்கூடிய ஒரு சந்து உண்டு. அங்கிருந்து கோல் அடிக்க வழியில்லை என்பதால் அதைப் பெரும்பாலும் கடந்துபோகும் பாதையாகவே பார்த்தார்கள். க்ரெட்ஸ்கி அங்கே போய் நின்றுகொண்டார். அந்த இடத்துக்கே 'க்ரெட்ஸ்கியின் அலுவலகம்' என்று பெயர் வந்தது. அங்கே நிற்பதில் உள்ள தந்திரம் இது:

1. கோல்கீப்பர் பக்கைப் பார்க்க வேண்டுமானால் தலையைத் திருப்ப வேண்டும். திருப்பினால் முன்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது.
2. தடுப்பாட்டக்காரர் துரத்தி வந்தால், வலையின் முன்புறம் காலியாகிறது. துரத்தி வராவிட்டால், க்ரெட்ஸ்கிக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது.
3. ஒரு பக்கமாக வந்தால் மறுபக்கம் நழுவலாம். வலையே கேடயம்.

முன்னால் ஃபின்லாந்து வீரர் யாரி கூரி ஸ்டிக்கை ஓங்கியபடி காத்திருப்பார். பக் அவரிடம் வரும்போது கோல்கீப்பர் இன்னும் திரும்பிக்கொண்டிருப்பார்.

ஆட்டத்தை அவர் படித்த விதத்துக்கும் பயிற்சி உண்டு. சிறுவயதில் தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடும்போது, காகிதத்தில் தளத்தின் படம் வரைந்து, பக் போகும் பாதையைப் பென்சிலால் தொடர்ந்து கோடு இழுப்பாராம். எங்கே கோடுகள் அதிகம் குறுக்கிடுகின்றனவோ அங்கே பக் திரும்பத் திரும்ப வருகிறது என்று பொருள். பக் இருக்கும் இடத்துக்கு ஓடாதே, அது வரப்போகும் இடத்துக்குப் போ என்பது அப்பா சொல்லிக்கொடுத்த பாடம். அதை இப்போது மேலாண்மை வகுப்புகளில் பொன்மொழியாக்கி நைந்துபோக வைத்துவிட்டார்கள். ஆனால் பிரான்ட்ஃபோர்டு பையனுக்கு அது பென்சில் கோடுகளில் பார்த்த விஷயம்.

## 'அந்தக் காலத்தில் கோல் அடிப்பது சுலபம்'

க்ரெட்ஸ்கியைப் பற்றிப் பேசினால் தவறாமல் வரும் எதிர்வாதம் இது. முழுக்கத் தவறும் இல்லை. 1981-82 சீசனில் ஓர் ஆட்டத்துக்கு இரு அணிகளும் சேர்ந்து சராசரியாக எட்டு கோல் அடித்தன. இன்றைக்கு அது ஆறு அளவில் இருக்கிறது. இடையில், க்ரெட்ஸ்கி ஓய்வு பெற்ற காலத்தில், ஐந்தரைக்கும் கீழே போயிருந்தது. காரணங்கள்:

1. அன்றைய கோல்கீப்பர்கள் பெரும்பாலும் நின்றபடி தடுத்தார்கள். மண்டியிட்டு இரு கால் காப்புகளையும் தரையோடு விரித்து வலையின் கீழ்ப்பகுதியை மூடும் 'பட்டாம்பூச்சி' முறை, எண்பதுகளின் நடுவில் மான்ட்ரியாலின் பாட்ரிக் ராய் வந்த பிறகுதான் பரவியது.
2. கோல்கீப்பரின் கவசங்கள் சின்னவை; வலையில் ஓட்டை அதிகம் தெரியும்.
3. தடுப்பு உத்திகள் இன்றைய அளவுக்கு இறுக்கமில்லை. காணொளி வைத்து எதிரணியை அலசும் பழக்கமும் அப்போதுதான் முளைவிட்டது.

1981 டிசம்பர் 30 அன்று ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் அடித்து, 39 ஆட்டங்களில் 50 கோல் எட்டினார் க்ரெட்ஸ்கி. அதற்கு முன் 50 ஆட்டங்களில் 50 கோல் என்பதே உச்சம். இன்றைய கோல்கீப்பர்களுக்கு எதிராக அது நடந்திருக்காது என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் காலம் எல்லோருக்கும் ஒன்றுதானே? அதே கோல்கீப்பர்கள், அதே சின்னக் கவசங்கள். மற்றவர்கள் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று பார்ப்பதுதான் நியாயமான அளவுகோல். முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்:

- 1981-82: க்ரெட்ஸ்கி 212, அடுத்தவர் மைக் பாஸி 147
- 1982-83: க்ரெட்ஸ்கி 196, அடுத்தவர் பீட்டர் ஸ்டாஸ்ட்னி 124
- 1983-84: க்ரெட்ஸ்கி 205, அடுத்தவர் பால் காஃபி 126
- 1984-85: க்ரெட்ஸ்கி 208, அடுத்தவர் யாரி கூரி 135
- 1985-86: க்ரெட்ஸ்கி 215, அடுத்தவர் மரியோ லெமியூ 141
- 1986-87: க்ரெட்ஸ்கி 183, அடுத்தவர் மீண்டும் கூரி 108

காஃபியும் கூரியும் அவருடைய அணிக்காரர்கள். அவர்கள் எடுத்த புள்ளிகளில் எத்தனை க்ரெட்ஸ்கி கொடுத்த பக்கிலிருந்து வந்தவை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்வதென்றால், பிராட்மேன். 99.94 என்ற சராசரியை 'அந்தக் காலத்துப் பந்துவீச்சு' என்று சொல்லித் தள்ள முடியாததற்கு அதே காலத்தில் வேறு யாரும் அதன் பக்கத்தில் இல்லை என்பதே காரணம். இங்கேயும் அதே தர்க்கம்.

லீக்கே ஒரு விதியை மாற்றிப் பார்த்தது. இரு அணியிலும் ஒருவர் தண்டனைக்காக வெளியேறினால் கோல்கீப்பர்களை விட்டு நான்குக்கு நான்கு என்று ஆடுவார்கள். தளத்தில் இடம் அதிகம் கிடைப்பதால் எட்மன்டன் கோலாகக் குவித்தது. 1985இல் அத்தகைய தண்டனைகளுக்கு மாற்று ஆளை இறக்கலாம் என்று விதி வந்தது. அதற்கடுத்த சீசனில்தான் க்ரெட்ஸ்கி 215 எடுத்தார்.

சரி, எதிர்வாதத்தில் மிஞ்சுவது என்ன? கோல் எண்ணிக்கை மட்டும் மிஞ்சுகிறது. தடுப்பாட்டம் இறுகிய காலத்தில், வலையின் இடப்பக்க வட்டத்தில் நின்று, எல்லோருக்கும் தெரிந்த அதே அடியை அடித்தே 895 சேர்த்த ஓவெச்கின், கோல் அடிப்பவர் என்ற வகையில் க்ரெட்ஸ்கியைவிடப் பெரியவர் என்றுதான் நான் நினைக்கிறேன். அதை ஒப்புக்கொண்டாலும் மேலே உள்ள பட்டியலில் ஒரு எண்கூட மாறாது.

## 1988 ஆகஸ்ட் 9: ஏன் விற்றார்கள்?

எட்மன்டன் 1984, 1985, 1987, 1988 என நான்கு முறை லீகின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றது. நான்காவது கோப்பை வந்து மூன்று மாதம் ஆகவில்லை, க்ரெட்ஸ்கி லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸுக்குப் போனார். கனடாவுக்கு அது விளையாட்டுச் செய்தியாக இருக்கவில்லை. நாடாளுமன்றத்தில் புதிய ஜனநாயகக் கட்சியின் நெல்சன் ரீஸ், அரசு தலையிட்டு இதைத் தடுக்க வேண்டும் என்றார். பாக்லிங்டனின் கொடும்பாவியை எரித்தார்கள்.

பரிமாற்றத்தின் விவரம் இது: க்ரெட்ஸ்கியோடு மார்ட்டி மெக்சோர்லி, மைக் க்ருஷெல்னிஸ்கி இருவரும் கிங்ஸுக்கு. பதிலுக்கு ஜிம்மி கார்சன், மார்ட்டின் ஜெலினா என்ற இளம் வீரர்கள், புதுமுகத் தேர்வில் மூன்று முதல்சுற்று வாய்ப்புகள், கூடவே 1.5 கோடி டாலர் ரொக்கம். வீரர்களின் பெயர்களை விட்டுவிட்டு அந்தக் கடைசி வரியை மட்டும் பாருங்கள், காரணம் விளங்கிவிடும். பாக்லிங்டனின் மற்ற தொழில்களுக்குப் பணம் தேவைப்பட்டது. எட்மன்டன் சின்ன நகரம். ஒப்பந்தத்தின்படி சில ஆண்டுகளில் க்ரெட்ஸ்கி விரும்பிய இடத்துக்குப் போகும் நிலை வந்திருக்கும், அப்போது கைக்கு ஒன்றும் வராது. வாங்கிய கிங்ஸ் உரிமையாளர் புரூஸ் மெக்னாலின் பணமும் சுத்தமானதில்லை. பிற்பாடு வங்கி மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை போனார்.

விளைவுகள் இரண்டு திசையில் போயின. ஆட்டத் தரப்பில், எட்மன்டன் அவர் இல்லாமலே 1990இல் மீண்டும் கோப்பையை வென்றது. க்ரெட்ஸ்கி ஒரே ஒரு முறை, 1993இல், கிங்ஸை இறுதிச்சுற்றுக்குக் கொண்டுபோனார். அங்கே அதே பாட்ரிக் ராய் மான்ட்ரியாலின் வலையில் நின்றார். நாலுக்கு ஒன்று என்று தொடர் முடிந்தது. எட்மன்டனை விட்ட பிறகு க்ரெட்ஸ்கி இன்னொரு கோப்பையைத் தூக்கவே இல்லை.

வணிகத் தரப்பில் நிலைமை வேறு. பனியே விழாத நகரத்தில் ஹாலிவுட் நடிகர்கள் டிக்கெட் தேடி வந்தார்கள். 1991இல் சான் ஹோசே, 1993இல் அனஹைம் என்று கலிஃபோர்னியாவிலேயே மேலும் இரண்டு அணிகள் வந்தன. ஃபுளோரிடாவிலும் டெக்சாஸிலும் லீக் கால் பதித்தது. இதெல்லாம் ஒரே ஆளால் நடந்தது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது மிகை: கிங்ஸ் அணி 1967 முதல் அங்கேதான் இருக்கிறது, லீகும் விரிவடையும் திட்டத்தில்தான் இருந்தது. ஆனால் தெற்கில் ஹாக்கி விலைபோகும் என்று முதலீட்டாளர்களை நம்பவைத்தது இந்தப் பரிமாற்றம்தான்.

## பிந்தைய ஆண்டுகள், சுருக்கமாக

1996 பிப்ரவரியில் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ், அதே கோடையில் நியூயார்க் ரேஞ்சர்ஸ். 1998 நகானோ ஒலிம்பிக் அரையிறுதியில் கனடாவும் செக் குடியரசும் சமநிலையில் முடிய, ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் ஐந்து பேர் அடிக்க வேண்டியிருந்தது. பயிற்சியாளர் தேர்ந்தெடுத்த ஐவரில் க்ரெட்ஸ்கி இல்லை. கனடா தோற்றது; அந்த முடிவைப் பற்றிய சண்டை இன்றும் ஓயவில்லை. தனியாகக் கோல்கீப்பரை எதிர்கொள்ளும்போது பக்கைக் கொடுக்க யாருமில்லை என்பதைப் பயிற்சியாளர் யோசித்திருக்கலாம்.

1999 ஏப்ரல் 18 அன்று கடைசி ஆட்டம். பிரையன் லீச் அடித்த கோலுக்குக் கொடுத்த அசிஸ்ட்தான் அவருடைய 2,857ஆவது புள்ளி. அந்த ஆண்டே, வழக்கமான மூன்று ஆண்டுக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்து ஹாக்கி புகழ் மன்றத்தில் சேர்த்தார்கள். எண் 99ஐ எந்த அணியிலும் யாரும் அணியக்கூடாது என்று லீக் முழுவதற்கும் ஓய்வு கொடுத்தார்கள். பின்னர் ஃபீனிக்ஸ் கொயோட்டிஸ் அணிக்கு 2005 முதல் நான்கு சீசன் பயிற்சியாளராக இருந்தார். ஒரு முறைகூட பிளேஆஃப் எட்டவில்லை. தான் பார்ப்பதை இன்னொருவரைப் பார்க்க வைப்பது வேறு தொழில் போலிருக்கிறது.

## இனி எது விழும், எது நிற்கும்?

1. ஒரு சீசனில் 92 கோல் (1981-82): மிக அருகில் வந்தவர் பிரெட் ஹல், 1990-91இல் 86. விழுவது கடினம், ஆனால் கற்பனைக்கு எட்டாததில்லை.
2. ஒரு சீசனில் 215 புள்ளிகள்: க்ரெட்ஸ்கியைத் தவிர வேறு யாரும் 200ஐத் தொட்டதில்லை. லெமியூ 1988-89இல் 199இல் நின்றார்.
3. 1,963 அசிஸ்ட்: 2023-24இல் கானர் மெக்டேவிடும் நிகிதா குச்சரோவும் ஒரே சீசனில் 100 அசிஸ்ட் எட்டியபோது அது பெரிய செய்தியானது, அதற்கு முன் அதை எட்டியவர்கள் மூன்றே பேர். க்ரெட்ஸ்கி 1980-81 முதல் தொடர்ந்து 11 சீசன் நூறைத் தாண்டினார். ஒருவர் சீசனுக்கு 80 அசிஸ்ட் வீதம் 24 சீசன் ஆடினாலும் 1,920தான் வரும். இன்னும் 43 குறையும்.
4. இரு சகோதரர்கள் சேர்ந்து எடுத்த அதிகப் புள்ளிகள், 2,861: இதுவும் க்ரெட்ஸ்கி குடும்பத்திடம்தான். அண்ணன் வெய்ன் 2,857. டம்பா பே அணிக்காக 13 ஆட்டம் ஆடிய தம்பி பிரென்ட் 4.